மெத்தை போட்டால் போதுமா?

டவுன் பஸ்ஸில் கடைசி சீட் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றபடியே வருகிறவர்கள் விவரமானவர்கள். அந்த சீட் பின் சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. வேகத்தடையில் வண்டி முன்னும் பின்னுமாகத் தலையாட்டும்போது நடுவில் ஆட்டம் குறைவு, கோடியில் அதிகம். நிற்பவருக்கு முழங்கால் வளைந்து கொடுத்துவிடும். உட்கார்ந்தவருக்கு அந்த வசதி கிடையாது. சீட் கொடுக்கும் அடி இடுப்பெலும்பு வழியாக நேரே முதுகுத்தண்டுக்குப் போகிறது.

தூக்கிப்போடும் பெரிய பள்ளத்தைத்தான் எல்லோரும் திட்டுகிறோம். ஓயாத சின்னக் குலுக்கலை யாரும் கண்டுகொள்வதில்லை. உட்கார்ந்திருக்கும் உடம்புக்கென்று சொந்தமாக ஒரு ஆட்ட வேகம் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் அது நொடிக்கு நான்கிலிருந்து ஆறு முறை. சீட்டும் அதே வேகத்தில் ஆடினால், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளிவிட்ட கதைதான்: சீட் ஆடுவதைவிட நெஞ்சும் வயிறும் அதிகமாக ஆடும். பேசினால் குரல் நடுங்கும். அந்த ஆட்டத்தை அடக்க முதுகுத் தசைகள் விடாமல் இறுகித் தளர்ந்து களைத்துப்போகும்.

மலைப்பாதையில் நடப்பது வேறு. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டுவதற்குக் குலுக்கல் காரணமல்ல. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை என்கிற கணக்கில் உடம்பு மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்வதுதான். வளைவை முன்கூட்டியே அறிந்து திருப்புகிற டிரைவருக்கு அந்தத் தொல்லை அநேகமாக வருவதில்லை.

அவருடைய தொல்லை முதுகில் இருக்கிறது. நாம் அரை மணியில் இறங்கிவிடுகிறோம். அவர் ஷிஃப்ட் முழுக்க அதே சீட்டில். வளர்ந்தவர்களின் முதுகெலும்புத் தட்டுகளுக்குள் ரத்தக்குழாய் கிட்டத்தட்ட இல்லை. அக்கம்பக்கத்திலிருந்து ஊறி வரும் சத்தில்தான் அவை பிழைக்கின்றன. வருஷக்கணக்கில் குலுங்கும் முதுகு தேறுவதற்கு நேரம் பிடிப்பது இதனால்தான். பஸ், லாரி, டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பு வலி அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். கோணல் உட்காரலுக்கும் சுமை தூக்குவதற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நம்மூரில் டிரைவர் இடுப்பைப் பிடித்தால், “வயசாச்சுல்ல அண்ணே” என்று முடித்துவிடுகிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இந்தக் குலுக்கலுக்கு எண் போட்டது. எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட அதிர்வு விநாடி வர்க்கத்துக்கு 0.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க வழி செய்ய வேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. அதிர்வு இரண்டு மடங்கானால் தாங்கும் நேரம் பாதியாகக் குறைவதில்லை, கால்வாசியாகிறது. 0.5-இல் எட்டு மணி நேரமும், 1.0-இல் இரண்டே மணி நேரமும் சரிசமம். மோசமான ரோட்டில் வேகத்தைக் குறைப்பது சோம்பேறித்தனம் அல்ல.

சரி, மெத்தை? டிரைவர்கள் துண்டை மடித்துப் போடுகிறார்கள், மரமணி விரிப்பு போடுகிறார்கள். காற்றோட்டத்துக்கு நல்லது, குலுக்கலுக்கு மருந்தல்ல. சாதாரண நுரை மெத்தை, ஆள் உட்கார்ந்ததும் நொடிக்கு நான்கு முறை அளவில் தானே ஆட ஆரம்பிக்கும். அதாவது உடம்புக்கு ஆகாத வேகத்திலேயே கூடச் சேர்ந்து தள்ளும். ஸ்பிரிங்கோ காற்றுப்பையோ வைத்த சீட்டின் சொந்த ஆட்டம் அதைவிட மெதுவானது. அதனால் கீழிருந்து வரும் வேகமான குலுக்கல் ஆளை எட்டுவதற்குள் மட்டுப்படுகிறது.

ஆனால் அந்த சீட்டும் ஆளின் எடை பார்த்துத்தான் வேலை செய்யும். பல டிராக்டர்களில் சீட்டுக்கு அடியில் எடைக்கேற்பத் திருகுகிற குமிழ் ஒன்று இருக்கும். ஐம்பது கிலோ ஆளுக்கு வைத்ததில் தொண்ணூறு கிலோ ஆள் உட்கார்ந்தால் சீட் அடிமட்டம் வரை இறங்கி, ஒவ்வொரு வரப்பிலும் இரும்பு இரும்போடு மோதும். வண்டி எடுக்கும்போது மைலேஜும் குதிரைத்திறனும் கேட்கிறோம். இந்தக் குமிழை யாரும் கேட்பதில்லை. வீட்டில் டிராக்டர் இருந்தால், ஓட்டுகிறவரை ஏற்றி உட்கார வைத்து ஒருதரம் திருகிப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.