436 ரூபாய்க்கு யார் சம்மதம் சொன்னது?

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, நம் நெல்லிவாசல்நாட்டில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி இரண்டு பாஸ்புக்கோடு வந்தாள். ஒன்று 100 நாள் வேலைக் கூலி வரும் கணக்கு. மற்றது மகளிர் குழுவுக்காக வேறொரு வங்கியில் தொடங்கியது. "சார், வருசா வருசம் மே மாசக் கடைசியில காசு கொறையுது. யாரு எடுக்கறாங்கன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். இரண்டிலும் மூன்று வருடமாக 436 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். கூடவே 20 ரூபாய். திருடன் யாரும் இல்லை. 436 பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 சுரக்ஷா விபத்துக் காப்பீடு. இரண்டும் 2015 மே மாதம் தொடங்கியவை. 2022 ஜூனுக்கு முன்பு 330-ம் 12-மாக இருந்தன. ஜூன் 1 முதல் மறு வருடம் மே 31 வரை ஒரு தவணை. மே 25-க்கு மேல் கணக்கில் பணம் இருந்தால் தானாகவே கழித்து அடுத்த வருடத்துக்குப் புதுப்பித்துவிடுவார்கள்.

"நீ கையெழுத்துப் போட்டியாம்மா?" என்று கேட்டேன். "கணக்கு தொறக்கும்போது நாலஞ்சு காகிதத்துல போடச் சொன்னாங்க, போட்டேன் சார்." கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். எதில் போடுகிறோம் என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒருவர் எத்தனை கணக்கிலிருந்து 436 கட்டினாலும் காப்பீடு ஒரே 2 லட்சம்தான். கூடுதலாகக் கட்டிய தவணை திரும்பி வராமலே போகலாம் என்று திட்ட விதியே சொல்கிறது. அவளுடைய இரண்டாவது கணக்கில் போனது மட்டும் 1,308 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த 100 நாள் வேலைக் கூலி நாளுக்கு 336. கிட்டத்தட்ட நாலு நாள் உழைப்பு, அதுவும் முழுக் கூலி கொடுத்திருந்தால்.

"நல்ல திட்டம்தானே சார், இந்த விலைக்கு வேறு எங்கே கிடைக்கும்?" என்று வங்கியில் கேட்டார்கள். நல்ல திட்டம்தான். நான் திட்டத்தைத் திட்டவில்லை. ஆனால் காப்பீடு இருப்பது குடும்பத்துக்கே தெரியாவிட்டால் அது யாருக்குக் காப்பீடு? தவணை தானாகப் போகிறது. இழப்பீடு தானாக வருமா? அதற்கு மட்டும் படிவம், இறப்புச் சான்று, நாமினி அடையாளம் எல்லாம் கொண்டு அலைய வேண்டும். எடுக்கும்போது இயந்திரம், கொடுக்கும்போது மனிதனா?

"எஸ்எம்எஸ் அனுப்புகிறோமே" என்பது அடுத்த பதில். பழைய நம்பருக்கு, ஆங்கிலத்தில், டவர் கிடைக்காத மலைக்கு! படிக்க முடியாத அறிவிப்பு அறிவிப்பே இல்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகளே, சினிமா சந்தா தானாகப் புதுப்பித்துவிட்டது என்று நீங்களும் புலம்புகிறீர்கள். உங்களுக்காவது 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கார்டு, யூபிஐ வழியாகத் தொடர்ந்து எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். சந்தாவிலிருந்து வெளியே வரவிடாமல் சிக்கவைப்பதை முறையற்ற தந்திரம் என்று 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் அறிவித்தது. பாஸ்புக் மட்டும் வைத்திருப்பவளுக்கு என்ன இருக்கிறது?

நான் கேட்பது பெரிதல்ல. கூலி கொடுக்கக் கைரேகை மிஷினோடு மலைக்கு ஆள் வருகிறாரே, அவரே மே மாதம் தமிழில் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்த வருசமும் வேணுமா?" வேண்டும் என்றால் எடுங்கள். பதில் இல்லை என்றால் எடுக்காதீர்கள்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: ஊருக்கு வரும்போது அப்பா அம்மா பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். இரண்டு கணக்கில் போனால் ஒன்றை நிறுத்தச் சொல்லி மே 20-க்குள் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. விவரத்துக்கு 14448. ஒரு கணக்கிலாவது காப்பீட்டை விட்டுவையுங்கள். நாமினி யார் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

அவள் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. புளி உலுக்க ஏறி விழுந்து செத்தானே, என் இன்னொரு மாணவன், அவன் ஞாபகம். மறுநாள் போய் அவன் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். 20 ரூபாய் கழிந்திருக்கிறது. விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஆனால் மரத்திலிருந்து விழுந்ததென்றால் உடனே ஆஸ்பத்திரியில் எழுதிய பதிவு வேண்டும். திருப்பத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று கொடுத்த சீட்டு எதுவென்று அவன் மனைவிக்குத் தெரியவில்லை. அன்று கூடப் போன பையன்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் தேடிப் பார்த்து என்னைக் கூப்பிடுங்கள்.