பச்சைத் தேநீர் மருந்தாகுமா?



சென்ற ஆண்டு வாரியத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, என் விடுதி அறை நண்பனுக்கு ஃப்ளூ காய்ச்சல். உடம்பெல்லாம் வலி, வறட்டு இருமல். "டேய், கிரீன் டீ குடிடா, வைரஸையே கொன்னுடுமாம்!" என்று வைத்தியம் சொன்ன மகான் அடியேன்தான். மூன்று நாள் பிளாஸ்க்கும் கையுமாக அலைந்தேன். நான்காம் நாள் அவனுக்கு மூச்சிரைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சிறுவயதிலிருந்தே வீசிங் உள்ளவன் அவன். "முதல் ரெண்டு நாள்லயே வந்திருக்கணும்பா" என்றார் டாக்டர். இரண்டு பேப்பர் போச்சு. எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சொன்னது முழுப் பொய்யுமல்ல. பச்சைத் தேயிலையில் கேட்டச்சின்கள் உள்ளன. அவற்றில் முக்கியமானது ஈ.ஜி.சி.ஜி. ஃப்ளூ வைரஸ் நமது செல்லில் ஒட்ட விடாமல் இது தடுப்பதை 1993-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில்! நாம் குடிக்கும்போது இரத்தத்தில் சேர்வதோ மிகச் சொற்பம்.

மனிதர்களிடம்? சுமார் 200 மருத்துவப் பணியாளர்களிடம் கேட்டச்சின், தியானின் மாத்திரைகளைச் சோதித்து 2011-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் பலன் தெரிந்தது. அடுத்து, தேயிலைக்குப் பேர்போன ஷிசுவோகாவில் நம்மைவிடச் சின்னப் பசங்கள், 747 பள்ளி மாணவர்கள், 2011 டிசம்பர் முதல் 90 நாள் வாய் கொப்பளித்தார்கள். ஒரு குழு பச்சைத் தேநீரில், இன்னொன்று வெறும் தண்ணீரில். ஃப்ளூ வந்தது 4.9 சதவீதம், 6.9 சதவீதம். "வித்தியாசம் இருக்கே!" என்பீர்கள். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான் அது. இன்னொன்றும் கவனியுங்கள். இவ்விரண்டுமே ஃப்ளூ வராமல் தடுக்கும் சோதனைகள். வந்த காய்ச்சலைக் குணமாக்கும் சோதனைகள் அல்ல!

நாம் டிப்ளமோ படிப்பவர்கள். லேபில் ஒரு துண்டுக் கம்பி இழுவிசையைத் தாங்கிவிட்டது என்பதற்காக, பாலமே நிற்கும் என்று கையெழுத்துப் போடுவோமா? உடம்புக்கு மட்டும் ஏன் போடுகிறோம்?

பச்சைத் தேநீர் குடியுங்கள், தப்பேயில்லை. ஆனால் ஃப்ளூவுக்கான மருந்தை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். ஆகவே, மூச்சு வாங்கினாலோ, வீசிங், சர்க்கரை போன்ற கோளாறு இருந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

தேநீர் நண்பனுக்குக் கொடுப்போம். வைத்தியத்தை டாக்டரிடம் விடுவோம்!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்