பாப்கார்னுக்குக் காசு, புத்தகத்துக்கு பிடிஎஃப்

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸப் குழுவில் நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறோம். காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ வரும். ஏழு மணிக்கு மூட்டு வலிக்குப் பிரண்டைத் துவையல். எட்டு மணிக்கு அகவிலைப்படி. இதில் எதற்கும் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஒன்பது மணிக்கு மேல் வருகிற பிடிஎஃப்தான் என் சண்டை.

போன ஜனவரியில் ஒரு நாவல் வந்து விழுந்தது. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் வெளியாகி மூன்று வாரம்கூட ஆகாத புத்தகம். விலை 300 ரூபாய். எழுதியவர் சௌக்கியமாக நம்மோடு இருக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான் அட்டையிலிருந்து அட்டை வரை செல்போனில் படம் பிடித்திருந்தார். சில பக்கங்களில் அவருடைய கட்டை விரலும் தெரிகிறது. குழுவில் போட்டவர் என் பல வருட நண்பர். அரை மணி நேரத்தில் நாற்பது கும்பிடு, இருபது பூங்கொத்து. நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: "இதை எழுதினவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்." அவ்வளவுதான். அன்று முழுக்கக் குழுவில் ஒரு சத்தம் இல்லை. மறுநாள் ரோஜாப்பூகூட ஏழரைக்குத்தான் வந்தது.

ராத்திரி நண்பர் போன் செய்தார். "என்னய்யா, எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்ட? நாலு பேர் படிச்சா அந்த எழுத்தாளருக்குத்தானே பேரு?" என்றார். பேரை வைத்துக்கொண்டு மளிகைக் கடையில் என்ன வாங்க முடியும் என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

கணக்கைச் சொல்கிறேன். நாம் எல்லோரும் கணக்குப் பார்த்துக் காலம் தள்ளியவர்கள்தானே. தமிழில் எழுத்தாளருக்கு ராயல்டி பொதுவாகப் பத்து சதவிகிதம். 300 ரூபாய்ப் புத்தகத்துக்கு 30 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 30,000. அந்த ஆயிரமும் ஒரு வருடத்தில் விற்றுவிடும் என்று யாரும் கையடித்துச் சொல்லமாட்டார்கள். இப்போது பல பதிப்பகங்கள் நூறு, இருநூறு என்றுதான் அச்சடித்துப் பார்க்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் ஏழு கோடிக்கு மேல் ஜனம் உள்ள மாநிலம் இது! இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதின மனிதருக்கு முப்பதாயிரம். நமக்கு ஒரு மாதப் பென்ஷனில் நூறு ரூபாய் குறைந்தால் எத்தனை மனு எழுதுகிறோம்?

"அப்போ பொன்னியின் செல்வன் போட்டப்ப நீ ஏன் பேசலை?" என்று இன்னொருவர் மடக்கினார். நல்ல கேள்வி. 2022-ல் மணிரத்னம் படம் வந்தபோது ஐந்து பாகமும் குழுவில் வந்தன. நான் பேசவில்லை, பேச வேண்டியதும் இல்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. அரசாங்கம் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து எல்லோருக்கும் பொதுவாக்கியது. அது இல்லாவிட்டாலும் எழுதியவர் இறந்து 60 வருடம் ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி உரிமை தீர்ந்துவிடும். கல்கி மறைந்தது 1954. புதுமைப்பித்தன் 1948. தாராளமாக அனுப்புங்கள். ஆனால் தி. ஜானகிராமன் மறைந்தது 1982, ஜெயகாந்தன் 2015. கூட்டிப் பாருங்கள். ஜானகிராமன் புத்தகமே 2042 வரைக்கும் ஊர்ச் சொத்து ஆகாது. பொதுக் கிணற்றில் தண்ணீர் சேந்தியவன், அதே வாளியோடு பக்கத்து வீட்டுக் கொல்லைக்குள்ளும் நுழைந்துவிட்டான் என்பதுதான் என் புகார்.

அந்தப் படத்துக்கு எங்கள் குழுவே திரண்டு போனது. குடும்பம் குடும்பமாக டிக்கெட். இடைவேளையில் ஆளுக்கொரு டப்பா பாப்கார்ன். அந்தப் பாப்கார்ன் விலையில் ஒரு நல்ல சிறுகதைத் தொகுப்பு வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, "நாவல் பிடிஎஃப் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்கிறார்கள். சோளத்தைப் பொரித்தவனுக்குக் காசு கொடுக்கக் கை நீளுகிறது, நந்தினியைப் படைத்தவனுக்கு மட்டும் வலிக்கிறது.

அசுரன் வந்தபோதும் இதே கதை. பூமணி 1982-லேயே எழுதிய வெக்கைதான் அது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் அது வேண்டும், ஆனால் சும்மா வேண்டும். முன்பெல்லாம் படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடி ஓடுவோம். 1978-ல் முள்ளும் மலரும் பார்த்த கையோடு உமாசந்திரனின் நாவலுக்கு வாடகை நூலகத்தில் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். கையில் கிடைத்தபோது படத்தில் பார்த்த காளி வேறு, நாவல் காளி வேறு. மகேந்திரன் எதை விட்டார், எதைத் தானே கட்டினார் என்று நானும் இதே நண்பரும் கொள்ளிடக் கரையில் உட்கார்ந்து இருட்டும்வரை பேசியிருக்கிறோம். அன்றைக்கு அந்த நாவலுக்கு ஒரு நாள் வாடகை கால் ரூபாயோ என்னவோ. ஆனால் அந்தக் கடைக்காரர் அதைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார்.

இங்கேதான் நண்பரின் பெரிய ஆயுதம் வருகிறது. "நீ மட்டும் என்ன, வாழ்நாள் பூரா ஓசியிலதானே படிச்ச?" உண்மைதான், மறுக்கவில்லை. தில்லானா மோகனாம்பாளை நான் விகடனில் வாரா வாரம் படித்தவன் இல்லை. யாரோ ஒரு மாமி கிழித்துத் தைத்து, காலிகோ பைண்டிங் போட்டு வைத்திருந்த கட்டில், கோபுலு படங்களோடு படித்தவன். அந்தக் கட்டு எங்கள் தெருவில் பதினைந்து வீடு சுற்றியது. ஆனால் ஒவ்வொரு இதழுக்கும் அந்த மாமி காசு கொடுத்திருந்தார். கட்டு ஒரு வீட்டில் இருந்தால் இன்னொரு வீட்டில் இருக்காது. காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவன் கடைக்குப் போய் வாங்கினான். பிடிஎஃப் அப்படியா? ஒரு தட்டுத் தட்டினால் நூறு பேருக்கு, நூறு பேர் தட்டினால் பத்தாயிரம் பேருக்கு. இரவல் கொடுப்பதும் நோட்டு அடிப்பதும் ஒன்றா?

பென்ஷன்காரனுக்குப் புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்பார்கள். சரி, வாங்க வேண்டாம். நூலகத்துக்குப் போகலாமே? 1948-லேயே நமக்குப் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள். கட்டின பணத்துக்கு ஒரு நாளாவது போய் உட்கார்ந்திருக்கிறோமா? இந்தப் புத்தகம் ஏன் இல்லை என்று நாலு பேர் எழுதிக் கொடுத்தோமா? அதைச் செய்யமாட்டோம். நிழலாக இருக்கிறது என்று நூலக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேங்குக்குப் போவோம்.

பதிப்பாளர்களையும் நான் தூக்கிவைத்துப் பேசப்போவதில்லை. பக்கத்துக்கு மூன்று எழுத்துப் பிழை. எட்டு வருடமாக "மறுபதிப்பு வருகிறது சார்" என்ற ஒரே பதில். அச்சிலேயே இல்லாத பழைய புத்தகத்தை ஒருவர் ஸ்கேன் செய்து தந்தால் நானும் வாங்கிப் படிப்பேன். 1998-லிருந்து மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் தொடங்கித் தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார்களே, அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கடையில் அடுக்கிவைத்திருக்கிற புத்தகத்தை எடுத்து அனுப்புவதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்கவில்லை.

இவ்வளவு காட்டமாகப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. நாலைந்து வருடத்துக்கு முன் நானும் அப்படி வந்த ஒரு நாவலைப் போனில் படித்தேன். கண் வலிக்க வலிக்க, இரண்டே ராத்திரியில் முடித்தேன். அப்படி ஒரு நாவல். அடுத்த ஜனவரியில் மகன் வீட்டுக்குச் சென்னை போனபோது நந்தனம் கண்காட்சிக்குப் போனேன். ஓர் அரங்கில், பிளாஸ்டிக் நாற்காலியில், அந்த எழுத்தாளரே தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூட்டம் மிளகாய் பஜ்ஜிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி அத்தியாயத்தில் அந்தத் தகப்பன் கதவைத் தட்டாமல் திரும்புகிற இடத்தைச் சொன்னேன். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எங்க சார் வாங்கினீங்க?" என்றார்.

"ஈரோடு புத்தகத் திருவிழாவுல" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அப்படியா! ஈரோட்டுக்குப் புத்தகமே போகலைன்னு பதிப்பாளரோட சண்டை போட்டேனே. பாவம், அவர் மேலதான் தப்புச் சொல்லிட்டேன்" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. பத்து சதவிகிதத் தள்ளுபடியையும் வேண்டாம் என்று சொல்லி, அந்த நாவலில் இரண்டு பிரதி வாங்கினேன். "ஏற்கெனவே வெச்சிருக்கீங்களே சார்?" என்றார். "நண்பர்களுக்கு" என்றேன். அதுவும் பொய். இரண்டும் இன்னமும் என் அலமாரியில்தான் இருந்தன.

சண்டைக்குப் பிறகு பத்து நாள் நண்பர் பேசவில்லை. இத்தனை வருடத்தில் அவ்வளவு நாள் பேசாமல் இருந்ததே இல்லை. என்னாலும் முடியவில்லை. சண்டைக்குக் காரணமான அந்த 300 ரூபாய் நாவலைக் காசு கொடுத்து வாங்கி, அலமாரியிலிருந்த இரண்டில் ஒன்றையும் சேர்த்துக் கட்டி, அவருக்குக் கூரியரில் அனுப்பினேன். நாலாம் நாள் போன் வந்தது.

"புத்தகம் வந்துதுய்யா. எழுத்து பெருசா இருக்கு, கண்ணுக்குச் சுகமா இருக்கு. உன் தங்கச்சி எங்கிட்டேர்ந்து பிடுங்கிட்டு அவதான் முதல்ல படிக்கிறா" என்றார்.

"அப்ப அந்த பிடிஎஃப்பை அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்யா, சத்தியமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பேரனுக்கு அனுப்பிட்டுத்தான் அழிச்சேன்" என்றார்.