வழித்துணைக்கும் நிபந்தனையா?



ஈரோடு மாவட்டத்தின் வடபுறம் மலைநாடு. பர்கூர், கடம்பூர், தாளவாடி என்றதும், நம்மில் பலருக்குத் திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகள்தாம் நினைவுக்கு வரும். அவ்வளைவுகளுக்கு அப்பால் பள்ளிகளும் உண்டு. பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளும் உண்டு.

கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இல் நிறைவேறிற்று. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் என்று விதி வகுத்தனர். சமவெளியில் 3 கிலோமீட்டர் மிதிவண்டிக்கு விளையாட்டு. மலையிலோ, அதே தொலைவுக்குள் ஓடையைக் கடக்க வேண்டும். யானை நகரும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். இருட்டுமுன் வீடு சேர வேண்டும்! வரைபடத்தின்மீது அளவுகோல் வைத்தவருக்கு யானை ஏது, ஓடை ஏது?

ஆகவேதான், எட்டாத் தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கு ஊர்தியும் வழித்துணையும் தரப் பணம் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. 2018-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. நூற்றுக்கு 60 டில்லியின் பங்கு. 40 மாநிலத்தின் பங்கு.

அந்த அறுபதைத்தான் நிறுத்தினார்கள்! 2024-25-ஆம் ஆண்டுக்குரிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய். கணக்கிலே பிழையா? கையாடலா? இல்லை. பி.எம்.ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையொப்பமிடவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. அதுதான் குற்றம்! 2025 மே திங்களில் வழக்கு உச்சநீதிமன்றம் ஏறிற்று.

கொள்கையில் மாறுபாடு இருக்கலாம், மன்றத்திலே வாதாடலாம். வழித்துணைப் பணத்தைப் பிணையாக வைத்து வாதாடுவது எந்த ஊர் நியாயம்? பணம் குறைந்தால், கத்தரி முதலில் விழுவது நகரத்துப் பள்ளியிலா? கேட்க ஆளில்லாத மலைக் குடியிருப்பில்தானே விழும்!

1976-இல், நெருக்கடிக் காலத்தில், 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோயிற்று. அதை மீட்க வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆனால் ஒன்றை மறைப்பானேன்? கல்வி மாநிலத்தின் கையிலிருந்த 1953-இல்தான் அரைநாள் பள்ளித் திட்டம் சென்னைக் கோட்டையிலிருந்து வந்தது. ஈரோட்டுப் பெரியார் உள்ளிட்டோர் மூட்டிய எதிர்ப்பில் 1954-இல் அது வீழ்ந்தது. அதிகாரம் அருகில் இருந்தால் போதாது. தட்டிக் கேட்பவரும் அருகில் இருக்க வேண்டும்.

மேடையில் டில்லியைச் சாடும் தோழர், அடுத்த வாரம் பர்கூர் மலையேறட்டும். ஐந்து வகுப்புக்கு ஆசிரியர் எத்தனை பேர்? ஊர்தி மழைநாளிலும் வருகிறதா? பள்ளி மேலாண்மைக் குழு கடைசியாகக் கூடியது எப்போது? குறை டில்லியுடையதாயின் டில்லிக்கு எழுதுவோம். கோட்டையுடையதாயின், கூச்சமின்றிக் கோட்டைக்கும் எழுதுவோம்.