ஓட்டை போடாத வள்ளம்

"வள்ளத்துல ஓட்ட போடணும்னு யாரு மாப்ள சொன்னது?"

மாமா குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கையிலிருந்த டிரில்லிங் மெஷினை நான் கீழே வைத்துவிட்டேன். செருப்போடு யாரும் அவர் வள்ளத்தில் ஏற முடியாது. அப்பேர்ப்பட்ட வள்ளத்தில், அதுவும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, எலுமிச்சம்பழம் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை போடக் கிளம்பியிருந்தேன். பெட்டியோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் படம் போட்டிருந்தது.

பெட்டி என்றால் ஏழு அங்குலத் திரை வைத்த கருவி. ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ, மேப் எல்லாம் ஒன்றிலேயே. தூத்துக்குடி விசைப்படகுகளில் இவை தனித்தனிப் பெட்டிகளாக டிரைவர் முன்னால் அடுக்கியிருந்த காலம் உண்டு. இப்போது நாட்டுப்படகுக்கும் வந்துவிட்டது. மாமா தூண்டில் தொழில்காரர். களவா, விளமீன் என்று பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, நம்பிப் பிழைக்கிறவர். பாருக்கு நேர் மேலே நிற்காவிட்டால் அன்றைய டீசல் காசு தண்டம். பெட்டியை மச்சான் வாங்கி வந்தான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த பாவத்துக்கு மாட்டித் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

வேலையில் முக்கால்வாசி அந்த டிரான்ஸ்டூசர்தான். உள்ளங்கைக்குள் அடங்கும். கீழ்நோக்கி ஒலியை அனுப்பிவிட்டு, அது தரையில் பட்டுத் திரும்பும் வரை காத்திருந்து ஆழத்தைச் சொல்லும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. 12 பாகம், அதாவது 72 அடி, ஆழத்துக்குப் போய்வர நொடியில் முப்பதில் ஒரு பங்குகூட ஆகாது. இந்த ஒலிக்கு எமன் காற்று. ஃபைபர் படகென்றால் ஓட்டையே வேண்டாம். உள்பக்கம் அடித்தளத்தில் எபாக்சி ஊற்றி, ஒரு குமிழிகூட நிற்காமல் டிரான்ஸ்டூசரை ஒட்டிவிட்டால் ஃபைபரைக் கடந்து ஒலி போய்விடும். மரத்தில் அது நடக்காது. நாரின் இடுக்குகளில் காற்று இருக்கிறது. ஆகவே மரமென்றால் ஓட்டை. ஓட்டை என்றால் மாமா.

கடைசியில் ஒரு ஜிஐ பைப் கைகொடுத்தது. வள்ளத்தின் பக்கவாட்டில் இரண்டு கிளாம்ப், அதில் பைப், பைப்பின் நுனியில் டிரான்ஸ்டூசர். கரைக்கு வரும்போது தூக்கி மடக்கிக் கட்டிக்கொள்ளலாம். முதல் ஓட்டத்தில் மெதுவாகப் போகும்வரை படம் கண்ணாடி மாதிரி இருந்தது. எஞ்சினை முடுக்கியதும் திரை முழுக்கப் பழைய தூர்தர்ஷன் பூச்சி. பைப் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது பின்னால் குமிழி கிளம்புகிறது, அது டிரான்ஸ்டூசருக்கு அடியில் புகுந்துவிடுகிறது. பைப்பை இன்னும் ஒரு சாண் இறக்கி, முகப்பை ஒரு நூல் அளவு தூக்கி வைத்த பிறகுதான் அடங்கியது. இறக்கிய ஆழத்தையும் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது தன் மூக்கிலிருந்து தரைவரை அளந்துவிட்டு அதையே கடலின் ஆழம் என்று காட்டும்.

அளவை எதில் காட்டுவது என்று மெனு கேட்டது. மீட்டர், அடி, ஃபாதம். ஃபாதம் என்பது ஆறு அடி, ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். மாமாவின் பாகமும் அதேதான். கேட்காமலே ஃபாதத்தில் வைத்தேன். "பன்னெண்டுன்னு காட்டுது, சரியாத்தான் சொல்லுது" என்றார், பெட்டி ஏதோ பரீட்சையில் தேறியதைப் போல.

மின்சார வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பெட்டிகள் பெரும்பாலும் சாவது அங்கேதான். எஞ்சின் ஸ்டார்ட் செய்கிற பேட்டரியிலேயே இதையும் கொடுத்தால் செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்கி, பெட்டி அணைந்து அணைந்து எழும். தனி 12 வோல்ட் பேட்டரி வைத்தேன். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். டெர்மினல்களில் வாசலின் அப்பினேன், உப்புக்காற்றுக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது. வயர் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விட்டேன். வயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தவன், சுலபமான இடத்தில் சறுக்கினேன்.

முன்பொரு முறை மாமாவோடு போனபோது ஒரு பாரின் இடத்தைச் செல்போனில் குறித்து வைத்திருந்தேன். 8 டிகிரி, 36 நிமிடம், 45 நொடி. நெடுங்கோட்டுக்கும் அதே மாதிரி. பெட்டியிலோ நிமிடத்துக்குப் பிறகு நொடி கிடையாது, தசமம்தான். நான் 36.450 என்று தட்டினேன். 45 நொடி என்பது முக்கால் நிமிடம், 36.750 என்று போட்டிருக்க வேண்டும். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். நான் விட்ட 0.3 நிமிடம் அரை கிலோமீட்டருக்கு மேல்.

மறுநாள் விடிகாலை ஒன்றேகால் மணிநேரம் ஓடி, பெட்டி 'வந்தாச்சு' என்று பீப் அடித்த இடத்தில் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஆழம் 16 பாகம். திரையில் தரை மெல்லிசாக, மங்கலாக ஓடியது. சேறு. மாமா பெட்டியைப் பார்க்கவே இல்லை. கரைப்பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கினார். மாதா கோயில் கோபுரம் எதன்மேல் ஏறி நிற்கிறது, தெர்மல் சிம்னி எதை விட்டு விலகி நிற்கிறது என்பது அவருடைய கணக்கு. கரையில் இரண்டு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வந்தால் ஒரு கோடு. வேறு பக்கம் இன்னொரு ஜோடி, இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடம் பார்.

"இன்னும் வடக்க போவணும். கொஞ்சம் கெழக்க."

போனோம். கோபுரம் அவர் சொன்ன இடத்துக்கு வந்தபோது திரையில் தரை மடமடவென்று 12 பாகத்துக்கு ஏறியது. மெல்லிசாக இருந்த கோடு தடித்துச் சிவந்து, அடியில் இரண்டாவது எதிரொலியும் தெரிந்தது. கெட்டித் தரை. அங்கேயே பாயிண்ட் போட்டேன். முந்தைய நாள் போட்டதை அவர் பார்க்காதபோது அழித்துவிட்டேன்.

பெட்டியின் துல்லியமும் பழையதல்ல. ஜிபிஎஸ்ஸில் பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்துகொண்டிருந்தது. 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள். அதுவரை நூறு மீட்டர் வாக்கில் தள்ளிக் காட்டும். துறைமுகத்துக்கு வழி கண்டுபிடிக்க அது போதும். வீட்டு முற்றம் அளவே இருக்கிற பாரின்மேல் நிற்க அது உதவாது. கோபுரத்தையும் சிம்னியையும் வைத்து மாமா அதற்கு முன்பிருந்தே நின்றுகொண்டிருக்கிறார். மூடுபனியும் மழையும் வந்து கரை மறைகிற நாளில்தான் அவருக்குச் சிக்கல். பெட்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அவர் பெட்டியை மதிக்கத் தொடங்கியது ஆழத்தாலும் அல்ல, பாயிண்டாலும் அல்ல. ஒரு நாள் பாருக்குப் பக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வலைப்பின்னல் மாதிரி சிக்கிய தூண்டில் நரம்பைப் பிரித்துக்கொண்டிருந்தோம். திரையில் அம்பு தென்மேற்கைக் காட்டியது, வேகம் 0.9 நாட். வள்ளத்தின் அணியமோ வடக்கே பார்த்து நின்றது. "மூஞ்சி ஒரு பக்கம், இது ஒரு பக்கம் காட்டுதே?" என்று கேட்டார். வள்ளம் எங்கே பார்க்கிறது என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது; எங்கே நகர்கிறது என்பதுதான் தெரியும். நின்றுவிட்டால் அம்பு போதை ஏறினதுபோல் சுழலும். வள்ளத்தின் முகம் தெரிய வேண்டுமென்றால் தனியாக ஒரு காம்பஸ் சென்சார் மாட்ட வேண்டும். அதைக் குறையாகத்தான் விளக்கினேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இது நீவாட்டைல்லா சொல்லுது."

ஆமாம், அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எஞ்சின் அணைந்த வள்ளத்தை நகர்த்துவது நீவாடு என்கிற நீரோட்டம்தான். காற்றும் கொஞ்சம் தள்ளும். நங்கூரத்தைப் பாருக்கு மேல்பக்கமாக எவ்வளவு தள்ளிப் போட்டால் இரை சரியாகப் பார்மேல் போய் விழும் என்பதே தூண்டில்காரனின் கணக்கு. அதுவரை நரம்பு சாய்கிற சாய்மானத்தையும் தண்ணீரில் போகும் நுரையையும் பார்த்துப் போட்டவர், இப்போது அஞ்சு நிமிடம் சும்மா மிதந்து அம்பைப் பார்த்துவிட்டு நங்கூரத்தைப் போடுகிறார். புத்தகத்தில் இந்த உபயோகம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பெட்டியால் ஆகாததும் உண்டு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ஆழ்கடலில் தங்கி மீன்பிடித்த குமரி மாவட்டப் படகுகள் பலவற்றில் ஜிபிஎஸ் இருந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியும், கரைக்குச் சொல்ல வழி கிடையாது. பார்வைக்கோட்டில்தான் போகும் விஎச்எஃப் அலை அவ்வளவு தொலைவுக்கு எட்டாது. 2019-இல் வந்த ஜெமினி கருவியில் எச்சரிக்கை வரும், இங்கிருந்து எதுவும் போகாது. இருபக்கமும் பேசுகிற டிரான்ஸ்பாண்டர்கள் இப்போதுதான் விசைப்படகுகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன. ராமேஸ்வரம் பக்கம் வேறு கவலை. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடல் எல்லையைப் புள்ளிகளாகக் குறித்துக் கோடு போட்டுவிட்டன. அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது, திரையில்தான் தெரியும். நெருங்கினால் அலாரம் அடிக்கும். மீன் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அலாரத்துக்குத் தெரியாது.

சாயங்காலம் வள்ளத்தைக் கட்டியதும் மாமா பெட்டியைக் கழற்றித் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். உப்புக்காற்றுக்குப் பயமா, திருட்டுக்குப் பயமா என்று கேட்டால் "ரெண்டும்" என்பார். பாயிண்ட்டுகள் உள்ளே இருக்கின்றன. பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். பார் எவன் கையிலாவது போய்விட்டால் திரும்ப வாங்க முடியாது. போன மாதம் பேரன் பழைய பேட்டரி ஒன்றைக் கொடுத்து மாடியில் பெட்டியை உயிர்ப்பித்து, வீட்டையே ஒரு பாயிண்ட்டாகப் போட்டுவிட்டான். வீட்டுப் படம் ஐகானாக இருந்ததும் அவனுக்கு வசதி. ஆழம் காட்டும் இடத்தில் மூன்று கோடுகள் மட்டும்.

இப்போது திரும்பி வரும்போது மாமா அந்த ஐகானைத்தான் அமுக்குகிறார். பெட்டிக்கு நேர்கோடு ஒன்றுதான் தெரியும், நடுவில் தீவு இருந்தாலும் அதன்மேலேயே கோடு போடும். கோடு ஹார்பர் சுவரைத் தாண்டி, ஐஸ் கம்பெனி கூரைமேல் ஏறி, தெருவுக்குள் போய்விடுகிறது. ஹார்பர் வாய்க்கு வந்ததும் மாமா பெட்டியை அணைத்துவிட்டுச் சுக்கானைப் பிடித்துக்கொள்கிறார். வள்ளத்தைக் கட்டிவிட்டு, கோடு போன அதே தெருவில், துண்டு சுற்றிய பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து போகிறார்.