பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பறை



விடுமுறைக்கு வந்த பேரன் கைப்பேசியில் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். ஜெர்மனியின் 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியாம். தொட்டால் விமானம் விழுகிறது. "செம பவர், தாத்தா!" என்றான். அவனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லத் தோன்றியது.

அது அத்தனை சுலபமான வேலை இல்லை. 6,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தை எட்டக் குண்டுக்குப் பத்து வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் விமானம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போய்விடும். ஆகவே அது இருக்கும் இடத்தை அல்ல, வரப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும். தூரமானியில் கண் வைத்தவர் விமானத்தைப் பின்தொடர, கணக்குக் கருவி திசை, ஏற்றக் கோணம், வெடிக்கும் நேரம் மூன்றையும் கணித்துக் கம்பி வழியே பீரங்கிகளுக்கு அனுப்பும். அங்கே ஒருவர் திசைச் சக்கரத்தையும் ஒருவர் ஏற்றச் சக்கரத்தையும் சுற்றிக்கொண்டே இருப்பார். மற்றொருவர் குண்டின் மூக்கில் வெடிக்கும் நேரத்தைத் திருப்பி வைப்பார். சுமார் 15 கிலோ எடையுள்ள தோட்டாவைத் தூக்கித் திணிக்க வேண்டும், நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது.

1943 பிப்ரவரியிலிருந்து இந்த வேலைகளில் பலவற்றைச் செய்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். 1926, 1927இல் பிறந்தவர்களை வகுப்பு வகுப்பாக அழைத்துப் போனார்கள். அடுத்து 1928இல் பிறந்தவர்கள். பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆன ராட்சிங்கரும், நோபல் பரிசு பெற்ற குந்தர் கிராஸும் அப்படிப் போனவர்கள்தான்.

"உன்னைவிட ஒரு வயசுதான் பெரியவங்க" என்றேன். பேரன் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அவங்க சார் ஒண்ணும் சொல்லலையா?"

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சார்கள் கூடவே போனார்கள். சட்டப்படி அந்தப் பிள்ளைகள் சிப்பாய்கள் அல்ல, மாணவர்கள். எனவே வாரம் 18 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும் என்று உத்தரவு. இரவெல்லாம் குண்டுவீச்சு, காலையில் பீரங்கி முகாமிலேயே லத்தீனும் கணக்கும்.

"ஆபத்திலும் கடமையைச் செய்தார்களே" என்று சிலர் சொல்லலாம். அந்த ஆட்சியில் மறுத்துப் பேசுவது உயிருக்கே ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பாடவேளை யாருக்குப் பயன்பட்டது? பிள்ளை இன்னும் பள்ளியில்தான் இருக்கிறான் என்று பெற்றோர் தங்களைத் தேற்றிக்கொள்ளத்தான்.

தவறு அதற்குப் பத்து வருடம் முன்பே கரும்பலகையில் தொடங்கிவிட்டது. நாஜிக் காலக் கணக்குப் புத்தகங்களில், விமானம் எத்தனை குண்டு சுமக்கும் என்றெல்லாம் கணக்குகள் இருந்தன. நான் உங்களுக்குப் போட்ட ரயில் கணக்கும் அதே வேகம், தூரம், நேரம்தான். எதற்காகக் கற்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

18 வயது நிறையாதவர்களை நேரடிப் போரில் ஈடுபடுத்தக் கூடாது என்று ஐ.நா. நெறிமுறை 2000இல்தான் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். பாடத்திட்டத்தை முடிப்பதோடு நம் கடமை முடியவில்லை. நம்மிடம் படிக்கும் பிள்ளையை யார், எதற்காகக் கேட்டாலும், முதலில் எழுந்து நின்று "ஏன்?" என்று கேட்க வேண்டியவர் வகுப்பாசிரியர்தான்.