வெயில் வெந்நீரும் உப்புத் தண்ணீரும்

மார்கழி மாதம். விடியற்காலை. தளியில் பல்லைக் கிட்டும் குளிர்!

வெள்ளைக்காரர்கள் "லிட்டில் இங்கிலாந்து" என்று அழைத்த ஊர் அல்லவா? அங்கே வெந்நீர் ஆடம்பரம் அல்ல. குழந்தை குளித்துப் பள்ளிக்கூடம் போகவேண்டும். ஓசூர் ஆலையில் முதல் ஷிப்டு வேலைக்குப் போகிறவர் இருட்டிலேயே கிளம்பவேண்டும். இவர்களுக்காக ஒரு தாய் எழுந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பை ஊதுகிறாள்.

அந்தப் புகையை ஒழிக்க ஒரு வழி உண்டு. வெயிலில் வெந்நீர் போடும் கருவி. கைத்திறன் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு பெட்டி. அதற்குள் கறுப்பு வர்ணம் பூசிய செப்புக் குழாய்கள். மேலே கண்ணாடி. அதற்கும் ஓர் அடி உயரத்தில் தொட்டி. சூடேறிய தண்ணீர் இலேசாகி மேலே ஏறும். குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும். மோட்டார் வேண்டாம். தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல் கட்டிவிட்டால் பகல் சூடு விடியும்வரை நிற்கும். 1909-இல் அமெரிக்காவில் வில்லியம் பெய்லி என்பவர் விற்ற கருவியும் இந்த முறைதான்!

முதலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும். நாளாக ஆக வெதுவெதுப்புத்தான். வெயில் குறைந்துவிட்டதா? இல்லை.

உப்பு செய்யும் வேலை

வெந்நீர் போடும் அண்டாவின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக ஏடு படிந்திருக்கும். போர் தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, சூடு பட்டதும் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. அண்டாவைத் தேய்க்கலாம். விரல் நுழையாத குழாயை எப்படித் தேய்ப்பது? அந்த ஏட்டின் வழியே சூடு எளிதில் போகாது. செம்பு அதைவிட நூறு மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். கடைசியில் குழாயே அடைத்துக்கொள்ளும்.

பலர் அத்தோடு கருவியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். மறுபடியும் புகை!

இதற்கு மருந்து மளிகைக் கடையில் இருக்கிறது. எலுமிச்சை உப்பு. பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ கரையுங்கள். வெயில் தாழ்ந்து, குழாய் ஆறிய பிறகு ஊற்றுங்கள். நுரைக்கும்; பயப்படவேண்டாம், சுண்ணாம்பு கரைகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகும்வரை காத்திராமல், ஆண்டுக்கு இருமுறையாவது செய்யுங்கள். ஜி.ஐ. குழாய்க்கு மட்டும் இது ஆகாது; பூச்சை அரித்துவிடும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை எந்தக் குழாயிலும் ஊற்றாதீர்கள்.

கழுவ வேண்டுமானால் பெட்டியின் அடியில் ஒரு திறப்புக் குழாய் வேண்டும். காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கருவி செய்துகொடுக்கும் பட்டறைக்காரர்கள் அது இல்லாமல் கொடுக்கவே கூடாது என்பது நம் கருத்து. தொட்டியின் மேலே நிற்கும் காற்றுக் குழாயும் முக்கியம். அதை உப்பு அடைத்தாலும், நாமே அடைத்தாலும் ஆபத்து.

மழைத் தண்ணீர் இருக்கிறதே!

ஆலைக் கொதிகலனுக்கு உப்பு நீக்கிய தண்ணீரையே விடுகிறார்கள். வீட்டுக்கு அந்த வசதி ஏது என்கிறீர்களா? வானத்திலிருந்து விழுகிறது!

மழை நீரில் சுண்ணாம்பு இல்லை. தமிழ்நாட்டில் 2003-இல் வீடுகளுக்கு மழை நீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. பத்தடிக்குப் பத்தடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்ததை வடிகட்டிப் பிடியுங்கள்.

குளிப்பதற்கெல்லாம் மழை நீர் போதாதுதான். வெயில் படும் குழாயில் மட்டும் அது சுற்றட்டும். தொட்டிக்குள் ஒரு செப்புச் சுருளை வைத்து அதன் வழியே ஓடவிட்டால், வெளியே உள்ள போர் தண்ணீர் சூடாகும். அதே மழை நீர் திரும்பத் திரும்பச் சுற்றும். குறைந்ததை ஊற்றினால் போதும். சுருளின் மேல் உப்பு படியும். ஆனால் அது கைக்கு எட்டும் இடம்.

ஒரு விஷயம். காய்ச்சினாலும் தண்ணீரிலுள்ள புளோரைடு போகாது. அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. வெயில் வெந்நீர் குளிக்க மட்டும், குடிக்க வேண்டாம். குழந்தையை நிறுத்துவதற்கு முன் வாளியில் கையை விட்டுப் பாருங்கள். நல்ல வெயில் நாளில் அது சுட்டுவிடும்.